முழங்கை தளர்ந்த மாடு: முன்னங்கால் நொண்டலை இனம் காணுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நிலம் சுருங்கிவிட்டது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. எனினும் திருமழிசை, திருநின்றவூர், செம்பரம்பாக்கம் பக்கங்களில் கொஞ்சம் நெல்லும் கீரையும் போட்டுக்கொண்டு, ஒன்றிரண்டு கறவை மாடு வைத்துப் பிழைப்போர் இன்றும் இருக்கின்றனர். இவர்களுக்கு ஒரு பசு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால், அன்றே வருமானம் குறைகிறது. நொண்டும் மாடு தீவனத் தொட்டிக்கு நடந்து வராது, படுத்தே கிடக்கும், பால் வற்றும், சினைக்கு வந்தாலும் அறிகுறி தெரியாமல் போகும்.

நொண்டல்களில் விவசாயிகளை அதிகம் குழப்புவது முன்னங்கால் முழங்கை மூட்டில் தோன்றும் தளர்ச்சியும் வலியும் ஆகும். முழங்கை கீழே இறங்கித் தொங்கும். அல்லது வெளிப்புறமாக விலகி நிற்கும். பார்த்தவுடன் "சுளுக்கு" என்று முடிவு செய்து, எண்ணெய் தேய்த்து நீவி விடுவார்கள். சிலர் சூடு வைப்பார்கள். ஆனால் இந்த ஒரே தோற்றத்துக்குப் பின்னால் ஆறேழு காரணங்கள் உண்டு. அவற்றில் சில தானாகவே ஆறும். சில முதல் நாளே கவனித்தால்தான் ஆறும். ஒன்றிரண்டு உயிரையே வாங்கும். எது எது என்று பிரித்தறிவதே பாதி சிகிச்சை.

முழங்கை எது?

மாட்டின் முன்னங்காலில், நடுவே முன்பக்கம் புடைத்து நிற்கும் மூட்டை நாம் முட்டி என்கிறோம். உண்மையில் அது மனிதனின் மணிக்கட்டுக்குச் சமமானது. முழங்கை அதற்கு மேலே, மார்பின் அடிப்பகுதி மட்டத்தில், உடம்பை ஒட்டி இருக்கிறது. காலின் பின்பக்கம் கையை மேலே கொண்டு போனால், விலாவுக்கு அருகில் கூர்மையாக ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதுவே முழங்கை முனை. மேலிருந்து வரும் பெரிய தசை இந்த முனையில்தான் பிடித்திருக்கிறது. மாடு காலை ஊன்றும்போது முழங்கை மடங்கிவிடாமல் நிமிர்த்தி நிறுத்துவது இந்தத் தசையே.

இம்மூட்டு கதவின் கீலைப் போன்றது. முன்னும் பின்னும் மடங்கும்; பக்கவாட்டில் ஆடாது. இரு பக்கமும் உறுதியான நார்கள் எலும்புகளைப் பிணைத்து வைத்துள்ளன. ஆகவே முழங்கை நிலைகுலைந்தால் நார் அறுந்திருக்க வேண்டும், எலும்பு முறிந்திருக்க வேண்டும், தசைக்குப் போகும் நரம்பு செயலிழந்திருக்க வேண்டும், அல்லது மூட்டுக்குள் சீழ் கட்டியிருக்க வேண்டும். இந்நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு சோதிக்கத் தொடங்கலாம்.

முதலில் குளம்பைப் பாருங்கள்

மாடுகளின் நொண்டலில் பெரும்பகுதி குளம்பில் தொடங்குவதே. ஆணி, கண்ணாடிச் சில்லு, குளம்பிடையில் சிக்கிய கல், குளம்பு அழுகல் ஆகியவற்றை முதலில் தேடுங்கள். காலைக் கழுவி, குளம்பின் அடியையும் பிளவையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வாயில் எச்சில் ஒழுகிப் புண்ணும் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். அப்போது மற்ற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டிவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். குளம்பில் குறை ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகே மேலே போக வேண்டும்.

அடுத்து மாட்டைச் சம தரையில் மெதுவாகப் பத்தடி நடத்துங்கள். காலைத் தரையில் வைக்கவே மறுக்கும் மாட்டை நடத்த வேண்டாம். முன்னங்காலில் வலி உள்ள மாடு, வலிக்கும் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும்; நல்ல கால் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். எந்தக் கால் என்பதில் ஐயம் இருந்தால் இதைக் கொண்டு தீர்மானிக்கலாம்.

பிறகு ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நல்ல காலை முதலிலும் நோயுள்ள காலை அடுத்தும் சோதியுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வேறுபாடு தெரியும். புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கை முனை இரு காலிலும் ஒரே உயரத்தில் உள்ளதா, வீக்கம் மூட்டிலா, மேலே தோள்சதையிலா என்று கவனியுங்கள். முட்டிக்கு மேலே காலைப் பற்றி மெதுவாக மடக்கி நீட்டுங்கள். பக்கவாட்டில் ஆடினாலோ, உள்ளே எலும்பு உரசும் நறநறப்பு கைக்குத் தட்டினாலோ அத்துடன் நிறுத்திவிடுங்கள். வருவோர் போவோர் எல்லாம் ஒரு முறை ஆட்டிப் பார்ப்பது கூடாது.

கடைசியாக ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் காய்ச்சலைக் குறித்துக்கொள்ளுங்கள். பசுவுக்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரையும், கன்றுக்கு 103 வரையும் இயல்பு. 104-க்கு மேல் போனால் அது வெறும் அடிபட்ட வலி அல்ல. உள்ளே கிருமி இருக்கிறது என்று பொருள்.

தோற்றம் ஒன்று, காரணம் பல

1. மூட்டு விலகலும் நார் அறுதலும்: மழைநீர் வடிகாலின் மூடி இடுக்கிலோ, வேலிக் கம்பியிலோ கால் மாட்டிக்கொள்ள, உடம்பு மறுபக்கம் சாயும்போது இது நேர்கிறது. பெரிய மாட்டில் நார்கள் வலுவாக இருப்பதால் விலகல் அபூர்வம். கன்று, ஆடு, நாய் ஆகியவற்றில் காணலாம். திடீரென்று நொண்டல் தோன்றும். கால் விறைத்தாற்போல் வெளிப்புறம் திரும்பி நிற்கும். மூட்டு அகன்று உருமாறியிருக்கும். மடக்க விடாது. நார் மட்டும் அறுந்திருந்தால் உருவம் மாறாது. ஆனால் பக்கவாட்டில் ஆடும், ஊன்றும்போது வலிக்கும்.

2. முழங்கை முனை முறிவு: வழுக்கி விழுவதாலும், வண்டி மோதுவதாலும், மற்ற மாடு முட்டுவதாலும் முனை எலும்பு முறியும். கன்றுகளில் வளரும் பகுதி பிரிந்துவிடும். தசை பிடித்திருந்த முனை முறிந்துவிடுவதால் முழங்கை இறங்கித் தொங்கும். முனையைத் தொட்டாலே மாடு துள்ளும். வீக்கம் முழங்கையில் தெளிவாகத் தெரியும். வீக்கம் முழங்கைக்கு மேலே தோள்சதையில் இருந்தால் மேற்கை எலும்பே முறிந்திருக்கலாம்.

3. நரம்புத் தளர்ச்சி: பால் காய்ச்சல் போன்ற நோயில் மாடு பல மணி நேரம் ஒரே பக்கமாகக் கெட்டித் தரையில் படுத்திருந்தால், அடியில் அகப்பட்ட முன்னங்காலின் நரம்பு நசுங்குகிறது. தோளில் பலத்த அடி பட்டாலும் இப்படி ஆகும். இங்கும் முழங்கை இறங்கும், முட்டி மடங்கும், குளம்பின் நுனி தரையில் இழுபடும். ஆனால் மூட்டில் சூடு இல்லை, உருமாற்றம் இல்லை, மடக்கி நீட்டினால் வலி இல்லை. இன்னொரு சோதனை: முட்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, குளம்பைத் தரையில் தட்டையாகப் பதிய வையுங்கள். நரம்புத் தளர்ச்சி உள்ள மாடு அப்படியே அந்தக் காலில் பாரத்தைத் தாங்கி நிற்கும். கையை எடுத்தால் மீண்டும் மடங்கும். மேற்கை எலும்பு முறியும்போது அதை ஒட்டி ஓடும் இந்நரம்பும் அடிபடலாம். எனவே வீக்கமும் வலியும் சேர்ந்திருந்தால் "நரம்புதான்" என்று விட்டுவிடக் கூடாது.

4. கன்றுகளின் மூட்டுச் சீழ்: பிறந்து சில நாள் முதல் சில வாரங்களுக்குள் வருவது. தொப்புள் கொடி வழியாகக் கிருமி ஏறி, இரத்தத்தில் கலந்து மூட்டுகளில் தங்குகிறது. ஒரு மூட்டோ, பல மூட்டுகளோ சூடாக வீங்கும். காய்ச்சல் இருக்கும். கன்று பால் குடிக்க எழாது. தொப்புளை அழுத்தினால் தடித்து, ஈரமாக, சில சமயம் சீழோடு இருக்கும். "தாய் மிதித்துவிட்டது" என்று எண்ணி நாளைக் கடத்துவது இதில்தான். கடத்தும் ஒவ்வொரு நாளும் மூட்டுக்குள் உள்ள வழவழப்பான குருத்தெலும்பை அரித்துவிடும். பிறகு கிருமி ஒழிந்தாலும் கால் விறைத்தே இருக்கும்.

5. முழங்கை முனை நீர்க்கட்டி: சிமெண்டுத் தரையில் படுக்கை இல்லாமல் கிடக்கும் மாட்டின் முழங்கை முனையில் எலுமிச்சை முதல் தேங்காய் அளவு வரை மெத்தென்ற கட்டி உண்டாகும். வலி இல்லை, மாடு பெரும்பாலும் நொண்டுவதில்லை. இது அவசரமானதல்ல. ஆனால் ஊசியாலோ பிளேடாலோ குத்தி நீரை வடிக்கக் கூடாது. சுத்தமான நீர் இருந்த இடத்தில் சீழ் பிடித்துவிடும். வைக்கோலோ மணலோ பரப்பி, படுக்கையை மாற்றினாலே பல கட்டிகள் சுருங்கும்.

6. சப்பை நோய்: இதைத் தவறவிட்டால் மாடு போய்விடும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள, நல்ல திடமான கிடேரி அல்லது காளைக்கன்றில், மழைக் காலத்தில் திடீரென்று கடும் நொண்டல், கடும் காய்ச்சல். தோள்சதையிலோ தொடையிலோ வீக்கம். முதலில் சூடாகவும் வலியாகவும் இருக்கும். பிறகு குளிர்ந்து, அழுத்தினால் உள்ளே காற்று நொறுநொறுக்கும். ஓரிரு நாளில் சாவு நேரிடும். மருந்து பலிப்பது முதல் சில மணி நேரத்தில்தான். முன்னங்கால் நொண்டும் இளம் மாட்டுக்குக் காய்ச்சலும் தோள் வீக்கமும் இருந்தால் இரவானாலும் மருத்துவரைத் தேடுங்கள். இறந்துவிட்டால் தோலை உரிக்கவோ அறுக்கவோ வேண்டாம். சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். இல்லையேல் கிருமியின் வித்து அந்த மண்ணில் பல ஆண்டுகள் தங்கிவிடும்.

7. கம்பி விழுங்கிய மாடு: இரு முழங்கைகளும் ஒருசேர வெளிப்புறம் விலகி நின்றால், நோய் மூட்டில் இல்லை, நெஞ்சில் இருக்கலாம். மாடு தீவனத்தோடு விழுங்கிய ஆணியோ கம்பித் துண்டோ இரைப்பையைத் துளைத்து, முன்னே உள்ள இதயப் பை வரை செல்லும். அந்த வலியைத் தாங்கவே முழங்கைகளை அகற்றி, முதுகை வளைத்து நிற்கிறது. பால் திடீரெனக் குறையும். சரிவில் இறங்கும்போது முனகும். நாளாக நாளாகத் தாடைக்கு அடியிலும் மார்புச் சதையிலும் நீர் கோர்க்கும். கழுத்து நரம்பு கயிறு போல் புடைக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும் கட்டட வேலை நடக்கும் மனைகளிலும் மேயும் மாடுகளுக்கு இந்த ஆபத்து அதிகம். இதற்கு முழங்கையில் எவ்வளவு தைலம் தடவினாலும் பயனில்லை.

சுருக்கமாக நினைவில் வைக்க

திடீரென்று வந்தது, மூட்டு உருமாறியது: விலகல் அல்லது முறிவு.
முழங்கை தொங்குகிறது, வலி இல்லை: நரம்பு.
இளங்கன்று, சூடான மூட்டு, ஈரமான தொப்புள்: சீழ்.
முனையில் கட்டி, நொண்டல் இல்லை: நீர்க்கட்டி.
இளம் மாடு, கடும் காய்ச்சல், நொறுநொறுக்கும் வீக்கம்: சப்பை நோய்.
இரு முழங்கையும் விலகல், முதுகு வளைவு: கம்பி.

மருத்துவர் வரும் வரை

மாட்டை நடத்தாதீர்கள். மற்ற மாடுகள் முட்டாதபடி தனியே, நிழலில், ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல் பரப்பிய இடத்தில் விடுங்கள். மணல் கிடைத்தால் அடியில் மணல் போட்டு மேலே வைக்கோல் போடலாம், குளம்பு வழுக்காது. தீவனமும் தண்ணீரும் இருந்த இடத்துக்கே வரட்டும்.

அடிபட்ட வீக்கத்துக்கு முதல் ஒன்றிரண்டு நாள் குளிர்ந்த நீர்தான் மருந்து. ஈரச் சாக்கை முழங்கையைச் சுற்றிப் போட்டு, கால் மணி நேரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நாள் ஒன்றுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். வெந்நீர் ஒத்தடம் இந்த நேரத்தில் கூடாது, வீக்கம் கூடும். தோல் கிழிந்து மூட்டுக்கு அருகே காயம் இருந்தால், கொதித்து ஆறிய உப்பு நீரால் கழுவிச் சுத்தமான துணியால் மூடுங்கள். சாணம், சுண்ணாம்பு, மஞ்சள் பற்று எதையும் அதில் அப்ப வேண்டாம்.

எழ முடியாத மாட்டை இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். நரம்புத் தளர்ச்சி வராமல் தடுக்கவும், வந்தது முற்றாமல் இருக்கவும் இது உதவும்.

செய்யக் கூடாதவை மூன்று. முதலாவது, நீவுதல். விலகிய மூட்டையும் முறிந்த எலும்பையும் அழுத்தி நீவினால் அருகில் உள்ள நரம்பும் இரத்தக் குழாயும் கிழியும். சீழ் பிடித்த மூட்டை நீவினால் கிருமி பரவும். இரண்டாவது, சூடு. அது மூட்டைச் சரி செய்வதில்லை. புண்ணைக் கூட்டி, அறுவைக்கு வேண்டிய தோலையும் கெடுக்கிறது. மூன்றாவது, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவது. சிம்பு பயன்பட வேண்டுமானால் அடிபட்ட இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் இருக்க வேண்டும். முழங்கைக்கு மேல் மூட்டு தோள். அதைச் சிம்புக்குள் அடக்க முடியாது. முழங்கையோடு முடியும் சிம்பு, முறிந்த இடத்தில் தொங்கும் சுமையாகி முறிவைப் பெரிதாக்கும். கீழ்க்கால் முறிவுக்குப் பொருந்துகிற கட்டு முழங்கைக்குப் பொருந்தாது. நரம்புத் தளர்ச்சியில் முட்டி மடங்காமல் இருக்க மருத்துவர் தாங்குகட்டுப் போடுவது உண்டு. அது வேறு, அதை அவரே செய்ய வேண்டும்.

மருந்துக் கடை ஊசி வேண்டாம்

வலி தணிய வேண்டும் என்று மனிதருக்கான டைக்ளோபினாக் ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் உண்டு. கால்நடைகளுக்கு இம்மருந்து இந்தியாவில் 2006-இல் தடை செய்யப்பட்டது. இம்மருந்து உடலில் தங்கிய மாடு இறந்து, அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. 1990-களுக்குப் பிறகு இந்தியாவில் மூன்று இனக் கழுகுகள் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி எஞ்சியவையே இப்போது உள்ளன. கீட்டோபுரோபென், அசிக்குளோபினாக் ஆகியவையும் கால்நடைகளுக்கு 2023-இல் தடை செய்யப்பட்டன. மெலோக்சிகாம் கழுகுகளுக்குத் தீங்கற்றது என்று கண்டறியப்பட்டுள்ளது. அளவையும் நாளையும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் இரண்டு செய்திகளை மறக்காமல் சொல்லுங்கள். ஒன்று, மாடு சினையா, எத்தனை மாதம் என்பது. வீக்கம் வற்றப் போடும் ஸ்டீராய்டு ஊசிகள் முற்றிய சினையைக் கலைத்துவிடும். சீழ் பிடித்த மூட்டிலும் அவை கேடு செய்யும். மற்றொன்று, பால் கறக்கிறதா என்பது. கிருமிக்கொல்லி ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கோ வீடுகளுக்கோ ஊற்றக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்படி நடக்க வேண்டும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம். மாட்டை நகர்த்த முடியாவிட்டால் கால்நடை ஊர்திச் சேவைக்கு 1962 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். எக்ஸ்ரேயும் அறுவையும் தேவைப்பட்டால், இவ்வட்டாரத்தாருக்கு ஒரு வசதி இருக்கிறது. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் உள்ளது. அங்கே பெரிய கால்நடைகளுக்கு அறுவைச் சிகிச்சைப் பிரிவு உண்டு. இக்கல்லூரி, 1989-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் தலைமையகம் மாதவரத்தில் உள்ளது. வெளி மாவட்டத்தார் இரவெல்லாம் வண்டியில் வர வேண்டிய இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வண்டியில் ஏற்றும்போது மணலும் வைக்கோலும் பரப்பி, பலகைச் சரிவு வைத்து ஏற்றுங்கள். தூக்கி எறிந்து இறக்காதீர்கள். கன்றையும் ஆட்டையும் சாக்கின் மேல் கிடத்தி, நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கலாம். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால், புறப்படுமுன் தவிடு, புண்ணாக்கு வைக்க வேண்டாம். கடைசியாக எப்போது தின்றது என்பதையும் சொல்லுங்கள்.

சிகிச்சையும் எதிர்பார்க்கக் கூடியதும்

விலகிய மூட்டை மயக்கம் கொடுத்து, தசை தளர்ந்த நிலையில் இடத்தில் பொருத்துவார்கள். அடிபட்ட அன்றோ மறுநாளோ போனால் இது எளிது. நாள் போனால் தசை இறுகிவிடும். உள்ளே சதை வளர்ந்துவிடும். பிறகு அறுத்துத்தான் பொருத்த வேண்டும். பொருத்தியபின் சுமார் இரண்டு வாரம் காலை நீட்டிய நிலையில் கட்டு, அதன்பின் நான்கு வாரம் வரை சிறிய இடத்தில் அடைத்து வைத்தல் என்பது பொது முறை. ஆடு, கன்று, நாய்களில் நல்ல பலன் கிட்டுகிறது.

முழங்கை முனை முறிவுக்குத் தகடும் திருகும் அல்லது கம்பியும் வைத்து இணைப்பார்கள். கன்றுக்கு உடல் எடை குறைவு. எலும்பு விரைவில் கூடும். நானூறு கிலோப் பசுவுக்கு நம்பிக்கை குறைவு. செலவு, மாட்டின் வயது, பால் அளவு, சினை ஆகியவற்றை வைத்து மருத்துவரோடு வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். காப்பீடு செய்த மாடானால் காதுத் தோடு எண்ணைக் குறித்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

நரம்புத் தளர்ச்சி லேசாக இருந்தால் சில நாளில், அதிகமானால் சில வாரங்களில் தேறும். அதுவரை குளம்பு நுனி தேய்ந்து புண்ணாகாமல் துணி சுற்றிக் காக்க வேண்டும்.

கன்றின் மூட்டுச் சீழுக்கு, மூட்டிலிருந்து நீரை எடுத்துப் பார்த்து, கிருமிக்கொல்லி மருந்து தருவார்கள். தேவையானால் மூட்டைக் கழுவுவார்கள். மூன்றாம் நாள் கன்று எழுந்து பால் குடிப்பதைக் கண்டு ஊசியை நிறுத்திவிடாதீர்கள். மூட்டுக்குள் மருந்து சேர நாளாகும். இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஊசி தொடர வேண்டியிருக்கலாம். பாதியில் நிறுத்தினால் திரும்ப வருவது முன்னிலும் கடுமையாக இருக்கும்.

வருமுன் காப்பது

கன்று பிறந்தவுடன் தொப்புள் கொடியைக் கவனியுங்கள். தானாக அறாவிட்டால் வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, கொதிநீரில் போட்டெடுத்த கத்தரியால் அறுத்து, முனையை டிஞ்சர் அயோடினில் முக்குங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் அரை நாளுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோக் கன்றுக்கு இரண்டரை லிட்டர் சீம்பால் உள்ளே போக வேண்டும். கன்றை ஒரு முன்னங்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பிரசவத்தில் கன்று சிக்கிக்கொண்டால் பலர் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பதை விட்டு மருத்துவரை அழையுங்கள்.

கொட்டகையில் சிமெண்டுத் தரை இருந்தால் வழவழப்பாகப் பூசாமல் கோடு கீறி விடுங்கள். படுக்கும் இடத்தில் மணலோ வைக்கோலோ, முடிந்தால் ரப்பர் விரிப்போ போடுங்கள். பக்கத்தில் உள்ள வடிகால் பலகைகளில் கால் நுழையும் இடுக்கை அடையுங்கள். வைக்கோல் கட்டிய கம்பியை அறுத்தவுடன் எண்ணி எடுத்து வையுங்கள். கடைக் கழிவிலும் மனைகளிலும் மேய விடும் பசுவுக்கு, இரைப்பையில் தங்கி இரும்பைப் பிடித்து வைக்கும் காந்தத் துண்டை விழுங்க வைக்கும் முறை உண்டு, மருத்துவரிடம் கேட்கலாம். சப்பை நோய்த் தடுப்பூசியை ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்பே, ஆறு மாதம் நிறைந்த கன்று முதல் எல்லாவற்றுக்கும் போட்டுவிட வேண்டும்.

கன்றுக்குட்டியின் முன்னங்காலில் இன்று மாலை ஒரு வீக்கம் தெரிந்தால், நாளை சந்தை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். குளம்பைப் பார்த்து, முழங்கையைத் தொட்டு, வெப்பமானி வைத்துக் குறித்துக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். அந்தக் குறிப்போடு மருந்தகத்துக்குப் போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். உங்கள் கன்றுக்கு நான்கு காலும் மிஞ்சும்.